கள்ளுக்கடையும் கல்வராயன் மலையும்

பட்டணத்துல இருந்து நம்ம தோட்டத்துக்கு வர்ற நண்பர்கள்ல பாதிப் பேரு கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. "அண்ணே, நல்ல கள்ளு கிடைக்குமா?" ஏதோ இளநி கேக்குற மாதிரிதான் கேப்பாங்க. கிடைக்காதுங்க. 1987 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல கள்ளு இறக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. வரப்புல நிக்கிற சொந்தப் பனையா இருந்தாலும் அதே சட்டம்தான்.

2024 ஜூனுக்கு அப்புறம் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் வந்துடுச்சு. கள்ளக்குறிச்சின்னு ஊர்ப் பேரைச் சொன்னா போதும், எதிர்ல இருக்கிறவர் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திட்டுப் பாக்குறாரு. விஷச் சாராயத்துல செத்த ஊருன்னுதான் உலகத்துக்கு நம்மளைத் தெரியுது. குடிக்கும் நம்ம ஊருக்கும் உள்ள சம்பந்தம் அந்த ரெண்டு நாள்ல ஆரம்பிச்சதில்ல. அதுக்கு ரெண்டாயிரம் வருஷக் கதை இருக்கு. அந்தக் கதையில விருந்து இருக்கு, வரி இருக்கு, சாதி இருக்கு, பொம்பளைங்க கண்ணீரும் இருக்கு. தெரிஞ்ச வரைக்கும் எழுதி வைக்கிறேன்.

மலைப்பாதையில விருந்து

கல்வராயன் மலைக்கு வடக்கால செங்கம் இருக்கு. சங்க காலத்துல அதுக்குச் செங்கண்மான்னு பேரு. அங்க ஆண்ட நன்னனைப் பாடினதுதான் பத்துப்பாட்டுல ஒண்ணான மலைபடுகடாம். பாடினவர் பெருங்கௌசிகனார். பரிசு வாங்கிட்டு வர்ற கூத்தர் கூட்டம், பரிசு தேடிப் போற கூட்டத்துக்கு வழி சொல்ற பாட்டு அது. இந்த மலையில ஏறு, இந்தக் குடியில தங்கு, இவங்க இன்னது கொடுப்பாங்கன்னு சொல்லிட்டே போகும். மலைக்குடியில மூங்கில் குழாய்க்குள்ள ஊத்தி விளைய வச்ச தேன்கள்ளு கொடுப்பாங்களாம். கூடவே கறியும் சோறும் கொடுத்து உபசரிப்பாங்களாம். முன்னப்பின்ன தெரியாத வழிப்போக்கனுக்கு, தன் சொந்தக்காரன் வந்த மாதிரி.

நம்ம மாவட்டத்துக்குள்ளயே இருக்கிற திருக்கோவிலூரை எடுத்துக்குங்க. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊரு. கபிலர் அவனைப் புகழ்ற விதம் இருக்கே, அதைப் படிச்சா சிரிப்பும் வரும், யோசனையும் வரும். காலையிலயே கள்ளைக் குடிச்சிட்டு சபையில உக்காந்து தேரைத் தூக்கிக் கொடுக்கிறது யாருக்கும் சுலபம். இந்த மலையன் குடிக்காமலே, தெளிவா இருக்கும்போதே கொடுக்கிறான், அப்படிக் கொடுத்த தேர் முள்ளூர் மலையில விழுற மழைத்துளியை விட ஜாஸ்தி. இதுதான் புறநானூற்றுப் பாட்டோட சாரம். கள்ளைத் திட்டவும் இல்ல, கொண்டாடவும் இல்ல. குடிச்சவன் கொடுக்கிற வாக்கை எவ்வளவு நம்பலாம்னு அன்னைக்கே எடை போட்டு வச்சிருக்காரு.

அதே கபிலர், நண்பன் பாரி செத்த பிறகு பறம்பு மலையை விட்டுக் கிளம்பும்போது நினைச்சு அழுறது எதைத் தெரியுமா? மதுச்சாடி எப்பவும் வாய் திறந்தே இருக்கும், கிடாய் வெட்டிட்டே இருப்பாங்க, வந்தவனுக்கெல்லாம் கறியும் சோறும் குறையாம கிடைக்கும். அந்த வளத்தையும் விருந்தையும்தான். பாரி மகளை மலையனுக்குக் கட்டிக் கொடுத்துட்டு, கபிலர் தென்பெண்ணையாத்துல தீப் புகுந்தார்னு திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில்ல ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு சொல்லுது. ஆத்துக்குள்ள இருக்கிற அந்தப் பாறையைக் கபிலர் குன்றுன்னு இன்னைக்கும் காட்டுவாங்க.

அதே தமிழ்ல திருவள்ளுவர் கள்ளுண்ணாமைன்னு ஒரு அதிகாரமே எழுதினாரு. ரெண்டும் நம்ம சொத்துதான். ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு "தமிழன் பண்பாடே கள்ளு"ன்னும் சொல்ல முடியாது, "தமிழனுக்குக் கள்ளே ஆகாது"ன்னும் சொல்ல முடியாது.

புளிக்கிறதுக்குள்ள குடிக்கணும்

கள்ளுக்கடை ஏன் ஊருக்குள்ளயே இருந்துச்சுன்னு புரியணும்னா கள்ளோட குணம் தெரியணும். பனையில தை, மாசியில பாளை வரும். மரமேறி காலுக்குத் தளை போட்டு, இடுப்புல அரிவாள் பெட்டி கட்டி ஏறுவாரு. பாளையை இடுக்கியால நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயம் கட்டுவாரு. காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஏறிச் சீவணும். ஒரு நாள் விட்டாலும் பாளை காஞ்சிடும், சுரப்பு நின்னுடும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா வடியுற சாறு புளிக்காது, அது பதநீர். தடவலைன்னா காத்துல இருக்கிற ஈஸ்ட்டே வேலையை ஆரம்பிச்சிடும், அது கள்ளு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு விரல் சுண்ணாம்பு. சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவுல இருக்கிறதும் இன்னைக்கு அதே ஒரு விரல் சுண்ணாம்புதான்.

காலையில இறக்கின கள்ளு இனிக்கும். மத்தியானம் ஏறும். சாயங்காலம் கடுக்கும். மறுநாள் காடியாப் போயிடும். சாராய அளவு பெரும்பாலும் பீர் அளவுதான். அதனால கள்ளைச் சேத்து வைக்க முடியாது, லாரியில ஏத்தி நூறு மைலுக்கு அப்பால விக்கவும் முடியாது. மரம் இருக்கிற ஊர்லயே, இறக்கின நாள்லயே குடிச்சுத் தீக்கணும். அதனாலயே கள்ளுக்கடைன்னா அது ஊரோட சேர்ந்த கடை. ஏறினவன் முகம் குடிக்கிறவனுக்குத் தெரியும். குடிக்கிறவன் பொண்டாட்டி முகம் விக்கிறவனுக்குத் தெரியும். இதை மனசுல வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

நம்ம மலையடிவாரத்துல பனங்கள் மட்டும் இல்ல, ஓடைப் பக்கம் ஈச்சமரம் இருக்கும், ஈச்சங்கள்ளும் உண்டு. தோப்பு வச்சவங்ககிட்டத் தென்னங்கள்ளு. எது எந்த மாசத்துல எப்படி இருக்கும்னு பெரியவங்க ஒவ்வொருத்தரும் ஒரு கச்சேரியே வைப்பாங்க.

1981ல கள்ளுக்கடை திறந்தப்ப நான் ஆரம்பப் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தேன். ஏரிக்கரை ஓரம் கீத்துக் கொட்டகை. உக்கார பனந்துண்டு. மண் மொந்தையில அளந்து ஊத்துவாங்க. பனையோலையை மடிச்சுக் கட்டின பட்டையில வாங்கிக் குடிக்கிறவங்களும் உண்டு. பக்கத்துலயே சாக்கணாக் கடை. மொச்சை, சுண்டல், சுட்ட கருவாடு, காரமா வதக்கின போட்டி, ஆத்து நண்டு, மழை விட்ட மறுநாள் வறுத்த ஈசல். அந்த வாசம் ரோடு வரைக்கும் வரும். எங்க பெரியப்பாவைக் கூப்பிட்டு வரச் சொல்லி வீட்டுல அனுப்புவாங்க. போனா அங்க நடக்கிறதை வேடிக்கை பாத்துட்டு நின்னுடுவேன்.

மாட்டுத் தரகர் துண்டுக்கு அடியில விரல் பிடிச்சு விலை பேசுவாரு. நாளைக்கு எந்தக் கொல்லையில கரும்பு வெட்டு, எத்தனை ஆளு வேணும், கூலி என்னன்னு அங்கதான் முடிவாகும். கூத்து வாத்தியாருக்கு வெத்தலைபாக்கு கொடுக்கிறதும் அங்கதான். வழியில போற வண்டிக்காரன் எந்த ஊருன்னு விசாரிப்பாங்க. விசாரிச்சாச்சுன்னா அவன் தனியா உக்காந்து குடிக்க முடியாது. "வாய்யா, இந்தா மொச்சை எடு"ன்னு யாராவது நகர்ந்து இடம் கொடுப்பாங்க. மலைபடுகடாம் சொன்ன விருந்தோட கடைசி மிச்சம் அதுன்னு இப்ப தோணுது.

ஆனா "நகர்ந்து இடம் கொடுப்பாங்க"ன்னு எழுதும்போதே கை நிக்குது. எல்லாருக்குமா கொடுத்தாங்க? பெரியப்பா காலத்துக் கடையில காலனிக்காரங்களுக்குத் தனி மூலை, மொந்தை கிடையாது, கொட்டாங்குச்சி. சில பேருக்குக் கடைக்குப் பின்னாடி நின்னுதான். அந்தக் கொட்டகையில பொம்பளைங்களுக்கு உக்கார இடமே இல்ல. கூலி வாங்கின காசு அடுப்புக்குப் போகாம மொந்தைக்குப் போன கதை எல்லாத் தெருவுலயும் இருக்கு. விருந்தோம்பல்னு பேசுற யாரும் இதையும் சேத்துத்தான் பேசணும்.

மரத்துக்கு நம்பர் போட்ட கதை

பழைய காலத்துல மரம் வச்சவனுக்கும் ஏறுறவனுக்கும் கோயிலுக்கும் பங்குன்னு ஊர் வழக்கமா இருந்த விஷயத்தை, வெள்ளைக்காரன் முழு வருமானமா மாத்தினான். 1886ல மெட்ராஸ் ஆப்காரி சட்டம் வந்துச்சு. கள்ளு இறக்குற மரத்துக்கு வரி கட்டணும், மரத்துல எண் போடணும். கடையை வருஷா வருஷம் ஏலம் விட்டாங்க. ஏலத்துல ஜாஸ்தி கேட்டவனுக்குக் கடை. போட்ட காசை எடுக்கணும்னா அவன் ஜாஸ்தி விக்கணும். ஊருக்குத் தேவையான அளவுன்னு ஒண்ணு இருந்தது போயி, ஏலத்துக்குத் தேவையான அளவுன்னு ஆகிப்போச்சு.

கூடவே ஆலைச் சாராயம் வந்துச்சு. நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துல நெல்லிக்குப்பம் பாரி ஆலையைக் கரும்பு விவசாயிங்க எல்லாருக்கும் தெரியும். இ.ஐ.டி. பாரின்னு சொல்றோமே, அந்த இ.ஐ.டி.யோட விரிவு ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ். அதாவது சாராயம் வடிக்கிற கம்பெனின்னுதான் பேரே. கள்ளு ஆயிரம் மரத்துல, ஆயிரம் கலயத்துல சிதறிக் கிடக்கும். ஆலையில வடிச்ச சாராயம் ஒரே வாசல் வழியா வெளிய வரும். கணக்கு எழுதுறவனுக்கு எது சுலபம்னு நான் சொல்லத் தேவையில்ல. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மதராஸ் மாகாண வருமானத்துல ஏறத்தாழ கால் பங்கு ஆப்காரியில இருந்தே வந்துச்சு.

அதனாலதான் காந்தி காலத்துல கள்ளுக்கடை மறியல் சுதந்திரப் போராட்டமாவே ஆச்சு. அது ஒழுக்கப் பிரச்சாரம் மட்டுமில்ல, சர்க்கார் கஜானாவுல அடிக்கிற அடி. 1921ல ஈரோட்டு மறியல்ல பெரியார் வீட்டு நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னாடி நின்னாங்க. கள்ளு இறக்க விடக் கூடாதுன்னு சேலம் தாதம்பட்டியில இருந்த தன் தோப்புத் தென்னைகளையே பெரியார் வெட்டிச் சாய்ச்சாரு. தென்னை வச்ச எந்த விவசாயிக்கும் அந்தச் சேதியைப் படிச்சா வயிறு ஒரு நிமிஷம் கலங்கும்.

மலைக்கு மேக்க ஒரு சட்டம், கிழக்க ஒரு சட்டம்

1937 அக்டோபர் 1. ராஜாஜி மதராஸ் மாகாணப் பிரதமரா இருந்து, தன் சொந்த மாவட்டமான சேலத்துலதான் முதல்ல மதுவிலக்கைக் கொண்டு வந்தாரு. அடுத்தடுத்து சித்தூர், கடப்பா, வட ஆற்காடுன்னு விரிவாச்சு. ஆப்காரி வருமானம் போனதை ஈடு கட்ட 1939ல விற்பனை வரி போட்டாங்க. கடையில ஜிஎஸ்டி கட்டும்போது முணுமுணுக்கிறோமே, அதோட முப்பாட்டன் கள்ளுக்கடையை மூடினப்ப பொறந்தவன்தான்.

இங்கதான் நம்ம மலை கதைக்குள்ள வருது. அன்னைக்குக் கள்ளக்குறிச்சி தென்னாற்காட்டுல இருந்துச்சு. மலைக்கு மேக்கால இருக்கிற ஆத்தூர் சேலம் மாவட்டம். ஆத்தூர்ல மொந்தையைத் தொட்டாக் குற்றம். சின்னசேலத்துல அது சர்க்கார் லைசென்ஸ் கடை. ஒரே மலை, ஒரே ஈச்சமரம், ஒரே ஆளு. ஏறின பக்கத்துல குடிமகன், இறங்கின பக்கத்துல குற்றவாளி.

போர்க்காலத்துல மதுவிலக்கு நின்னுச்சு. 1946ல மறுபடி சில மாவட்டங்கள்ல ஆரம்பிச்சு, 1948ல மாகாணம் முழுக்க வந்துச்சு. அப்புறம் ரெண்டு தலைமுறைக்கு ஊர்ல உக்காந்து பேசுற இடம் டீக்கடையாச்சு. 1930கள்லயே தேயிலைக்காரங்க ஊர் ஊராப் போயி டீ போட்டுக் காட்டி, குடிக்கப் பழக்கியிருந்தாங்க. மொந்தை இருந்த இடத்துல கிளாஸ் வந்துச்சு. ரெட்டை கிளாஸும் கூடவே வந்துச்சுங்கிறதை மறக்கக் கூடாது. கொட்டாங்குச்சி எங்கயும் போகலை, வேஷம் மாத்திக்கிச்சு.

அப்புறம் நடந்ததைக் கதவு திறந்து மூடின கதைன்னு சுருக்கமாச் சொல்லிடலாம். 1971 ஆகஸ்ட்ல மதுவிலக்கைத் தள்ளி வச்சாங்க. 1973, 74ல படிப்படியா மறுபடி மூடினாங்க. 1981ல கள்ளு, சாராயக் கடைங்க திறந்துச்சு. நான் பாத்த ஏரிக்கரைக் கொட்டகை அந்தக் கதவு வழியா வந்ததுதான். 1983ல டாஸ்மாக் கம்பெனி உருவாச்சு. 1987ல கள்ளும் சாராயமும் போச்சு, சீமைச் சரக்கு மட்டும் நின்னுச்சு. 1990ல மலிவு விலை மது வந்து அடுத்த வருஷமே போச்சு. 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்துச்சு. 2023-24ல அதோட வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல.

கவனிச்சீங்களா? மூடி மூடித் திறந்ததுல கடைசியா வெளிய நின்னது, ஊர் மரத்துல இறங்கினது மட்டும்தான். ஆலையில இருந்து வர்றது உள்ள இருக்கு.

மலை மேல

கல்வராயன் மலையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியாகணும். இன்னைக்கு வெள்ளிமலையைத் தலைமையிடமா வச்சு ஒரு தாலுக்கா இருக்கு. கரியாலூர்ல படகு விடுறாங்க, மேகம் அருவிக்கு, பெரியார் அருவிக்கு வேன் வேனா ஜனங்க வர்றாங்க. ஆனா 1976 வரைக்கும் இந்த மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூணு ஜாகீர்தார்கள் கையில இருந்துச்சு. நாடு சுதந்திரம் வாங்கி கால் நூற்றாண்டு தாண்டியும் மலைவாழ் மலையாளி ஜனங்க ஜாகீருக்குத்தான் வரி கட்டினாங்க, கூலியில்லாம வேலை செஞ்சாங்க. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே அதுக்கு அப்புறம் மெதுவா வந்ததுதான். 2024 சம்பவத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலை ஜனங்களோட நிலைமையைத் தானே முன்வந்து வழக்கா எடுத்துக்கிட்டுதுன்னா பாத்துக்குங்க.

சாமை, கேழ்வரகு, மரவள்ளி, கடுக்காய். மலையோட விளைச்சல் இவ்வளவுதான். மழை தவறினா மரம் வெட்ட வெளி மாநிலத்துக்குப் போகணும், இல்ல திருப்பூருக்கு, கேரளாவுக்குப் போகணும். இந்தச் சூழ்நிலையில கீழ மதுவிலக்கு வந்தப்பெல்லாம் மேல அடுப்பு எரிஞ்சுது. வெல்லம், வெள்வேலம்பட்டை, கடுக்காய், ஓடைத் தண்ணி போட்டு ஊறல் போடுவாங்க. காய்ச்சி வடிச்சதை லாரி டியூப்ல ஊத்தித் தலையில சுமந்து ராத்திரியோட ராத்திரியா கீழ இறக்குவாங்க. லாபம் பெரும்பாலும் கீழ இருக்கிற முதலாளிக்கு. கேஸு மேல இருக்கிறவனுக்கு. ஊறலைக் கொட்டி அழிச்சாங்கன்னு பேப்பர்ல வராத மாசம் இருந்ததில்ல. விருந்தாளிக்குச் சாமைச்சோறும் அவரைக் குழம்பும் போட்டுட்டுத்தான் பேரே கேக்குற ஜனங்களுக்கு, "சாராய மலை"ன்னு பேரு வச்சதுல நம்ம எல்லாருக்கும் பங்கு இருக்கு.

கருணாபுரம்

2024 ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ள கருணாபுரம். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரத்துல இருக்கிற தெருவுங்க. பாக்கெட் சாராயம் குடிச்சவங்க வயித்து வலின்னாங்க, கண்ணு தெரியலைன்னாங்க. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரின்னு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் ஓடுச்சு. 65க்கும் மேற்பட்டவங்க செத்துட்டாங்க, அதுல பொம்பளைங்களும் உண்டு. அப்பா அம்மா ரெண்டு பேரையும் ஒண்ணா இழந்த பிள்ளைங்க இருக்காங்க. அந்த வாரம் கள்ளக்குறிச்சிச் சந்தைக்குப் போனவங்களுக்குத் தெரியும், ஊர்ல சத்தமே இல்ல.

அது மலையில காய்ச்சின பட்டைச் சாராயம் இல்ல. கள்ளும் இல்ல. மெத்தனால். பெயிண்ட், பிளாஸ்டிக், மருந்துத் தொழிற்சாலைங்க பயன்படுத்துற ரசாயனம். பாத்தா தண்ணி மாதிரி, வாசமும் சாராயம் மாதிரி. ஈரல் அதை உடைக்கும்போது முதல்ல ஃபார்மால்டிஹைடு, அப்புறம் ஃபார்மிக் அமிலமா மாறும். அந்த அமிலம்தான் கண் நரம்பைச் சுடுது, மூச்சை நிறுத்துது. குடிச்ச உடனே தெரியாது, பல மணி நேரம் கழிச்சுத்தான் காட்டும். அதனால ஒருத்தர் விழுறதுக்குள்ள தெருவே குடிச்சு முடிச்சிருக்கும். அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் மரக்காணம் எக்கியார்குப்பத்துல நடந்ததும் இதேதான். 2001ல பண்ருட்டிப் பக்கம் நடந்ததும் இதேதான்.

செத்தவங்க மேல "குடிகாரன்தானே"ன்னு ஒரு வார்த்தையைப் போட்டு மூடிட்டுப் போறவங்களைப் பாத்திருக்கேன். மூட்டை தூக்குறவன், பெயிண்ட் அடிக்கிறவன், சாக்கடை இறங்குறவன். உடம்பு வலிக்கு விடியக்காலையிலயே ஒண்ணு வேணும். டாஸ்மாக் திறக்க மத்தியானம் 12 ஆகும். பாக்கெட் விலையும் கம்மி. அவங்க வாங்கினது போதையை மட்டுமில்ல, அன்னைக்கு வேலைக்குப் போற தெம்பையும்தான். அது சரின்னு நான் சொல்லலை. அதைப் புரிஞ்சுக்காம சட்டம் போட்டா, சட்டம் காகிதத்துல நிக்கும்.

சீமைக் கிராமத்துல என்ன செஞ்சாங்க

நமக்கு ஆப்காரி போட்ட அதே இங்கிலாந்துல கிராமத்துக்குக் கிராமம் பப்னு ஒண்ணு இருக்கும். பப்ளிக் ஹவுஸ், அதாவது பொதுவீடு. எவ்வளவு நல்ல பேரு பாருங்க. மாதாகோயிலுக்குப் பக்கத்துல, கணப்பு அடுப்பு, மரப் பெஞ்சு, கடைக்காரருக்கு லேண்ட்லார்டுன்னு பேரு. அங்கயும் பழைய காலத்துப் பீர் பீப்பாயைத் திறந்தா சில நாளைக்குள்ள தீத்தாகணும், இல்லைன்னா கெட்டுப்போகும். கள்ளு மாதிரியே. அதனால அதுவும் ஊரோட கட்டுப்பட்ட கடை. 1552லயே நீதிபதிகிட்ட லைசென்ஸ் வாங்கணும், ஒழுங்கா நடத்துவேன்னு ஜாமீன் கொடுக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க.

18ஆம் நூற்றாண்டுல லண்டன்ல மலிவு ஜின் வெள்ளமாப் பாஞ்சு ஏழைங்களை அழிச்சுது. 1736ல கடுமையா வரி போட்டுப் பாத்தாங்க, கள்ளத்தனமா வித்தாங்க. 1751ல விக்கிற இடத்தைக் கட்டுப்படுத்தின பிறகுதான் ஓரளவு அடங்குச்சு. அந்த வருஷம் ஹோகார்த்ங்கிற ஓவியர் ரெண்டு படம் போட்டாரு. ஒண்ணு பீர் தெரு, ஜனங்க வேலை முடிச்சு சிரிச்சுட்டு இருப்பாங்க. இன்னொண்ணு ஜின் சந்து, அங்க போதையில அம்மா கையில இருந்து குழந்தை நழுவி விழும். பிரச்சாரப் படம்தான், மிகைதான். ஆனா புளிச்சதுக்கும் வடிச்சதுக்கும் வித்தியாசம் உண்டுன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. அதே நாட்டுக்காரன் நம்ம ஊருக்கு வந்து, வடிச்சதுக்குக் கணக்கு சுலபம்னு அதை வளத்தான்.

இப்ப அங்கயும் கிராமத்துப் பப்புகள் ஆயிரக்கணக்குல மூடிட்டு வருது. சில ஊர்ல ஜனங்களே பங்கு போட்டு வாங்கி, கூட்டுறவா நடத்துறாங்க. குடிக்காதவங்களும் பங்கு போடுறாங்க. சாயங்காலம் போயி உக்கார இடம் வேணும்ங்கிறதுக்காக.

நம்ம பக்கத்துக் கேரளாவைப் பாருங்க. கறுப்புப் பலகையில வெள்ளை எழுத்துல கள்ளுன்னு எழுதியிருக்கும். கப்பையும் மீன்குழம்பும் சாப்பிடவே குடும்பமாப் போற கடைங்க உண்டு. மரமேறிகளுக்கு 1969லயே சேமநலநிதிச் சட்டம் வந்துச்சு. அதே கேரளாவுலதான் 1982 ஓணத்துக்கு வைப்பின் தீவுல சர்க்கார் சாராயக் கடையில குடிச்சு 70க்கும் மேல செத்தாங்க. 1996ல சாராயத்தை நிறுத்தினாங்க, கள்ளை விட்டு வச்சாங்க. கள்ளுல கலப்படம்ங்கிற தலைவலி அங்கயும் இருக்கு. சொர்க்கம்னு சொல்ல வரலை.

என் கணக்கு

கள்ளுக்கடையைத் திறந்தா விஷச் சாராயம் ஒழிஞ்சிடும்னு மேடையில பேசுறவங்களை நான் முழுசா நம்பலை. பனை ஆறு மாசம்தான் சுரக்கும், பாக்கெட் வருஷம் முழுக்க வரும். கருணாபுரத்துல பனை இல்ல. கள்ளே குடிக்காத பொம்பளைங்களும் பிள்ளைங்களும் படுற பாடு எந்தப் போதையானாலும் ஒண்ணுதான். எங்க ஊர் பொம்பளைங்ககிட்ட ஓட்டுப் போடச் சொன்னா, கள்ளு, டாஸ்மாக் ரெண்டையும் சேத்து மூடச் சொல்லித்தான் கை தூக்குவாங்க. அவங்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஆனா இன்னொரு பக்கம், ரசாயனத் தொட்டியில இருந்து வந்த பாக்கெட்டையும், என் வரப்புப் பனையில வடியுற சாறையும் ஒரே சட்டத்துல கட்டிப் போடுறது நியாயமாப் படலை. எது ஊரைக் காப்பாத்துச்சுன்னு பாத்தா, கள்ளு இல்லைங்க, முகம் காப்பாத்துச்சு. இறக்கினவன், வித்தவன், குடிச்சவன் மூணு பேரும் நாளைக்கு அதே தெருவுல நடக்கணும். தப்பு பண்ணினா மறைய இடம் இல்ல. பாக்கெட்டுக்கு முகம் இல்ல. குவாட்டர் பாட்டிலுக்கும் முகம் இல்ல; வாங்கி, பிளாஸ்டிக் கிளாஸ்ல ஊத்தி, ரெண்டு மடக்குல முடிச்சிட்டு, ரோட்டோரம் விழுற குடியில விருந்தாளியும் இல்ல, விருந்தும் இல்ல.

என்னைக்காவது கள்ளு மறுபடி வரணும்னா, ஏலம் இருக்கக் கூடாது. மரமேறிங்க சங்கமே நடத்தணும். அந்த ஊர்க் கிராமசபையில பொம்பளைங்க வேணும்னாத்தான் திறக்கணும், வேண்டாம்னா அன்னைக்கே மூடணும். உக்காந்து சாப்பிட இடம் வேணும், அங்க யாருக்கும் கொட்டாங்குச்சி கூடாது. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் 1886ஐத்தான் திரும்பக் கொண்டு வருவோம்.

இதெல்லாம் பேசிட்டு இருக்கும்போதே காலம் ஓடுது. பனை 1978ல இருந்து நம்ம மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்ல 76 லட்சம் பனை விதை கொடுக்கிறதா சொன்னாங்க, பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னும் சொன்னாங்க. நல்லது. ஆனா பனை பாளை விட பன்னெண்டு, பதினஞ்சு வருஷமாகும். என் வரப்புல பாட்டன் காலத்துப் பனை பதினொண்ணு நிக்குது. கடைசியா அதுல ஏறினவருக்கு இப்ப முட்டி வலி, மகன் ஓசூர்ல கம்பெனி வேலை. பதநீருக்காவது யாராவது வாங்கன்னு ரெண்டு வருஷமாச் சொல்லி வச்சிருக்கேன். மாசியில பாளை வருது, சீவ ஆளில்லாம வெடிச்சுக் காயாகி விழுது. இப்ப ஊனுற விதை பாளை விடும்போது சட்டம் எப்படி இருந்தாலும் சரி, தளை போட்டு ஏறத் தெரிஞ்ச ஒருத்தன் ஊருக்கு மிச்சம் இருக்கணும்.